நாற்காலி இல்லாத வார்டு

நல்ல சிகிச்சைக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான் உண்டு, அது நாற்காலி.

புதிதாகப் பொறுப்பேற்ற நர்சிங் சூப்பிரண்டு இதை வார்டின் நடுவில் நின்று, கொஞ்சமும் சிரிக்காமல் அறிவித்தார். "உக்காந்த நர்ஸ் பாதி நோயாளி. தலைமைன்னா என்னன்னு இன்னிக்குக் காட்டறேன். நானும் உக்கார மாட்டேன்."

அன்று எந்த நேரமும் இன்ஸ்பெக்‌ஷன் வரலாம். வருகிறவர்கள் நல்லபடி எழுதினால்தான் அவர் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் பழைய ஆஸ்பத்திரி, பழைய நைட் டியூட்டி.

நாற்காலி, ஸ்டூல் எல்லாம் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டப்பட்டன.

ஆறாம் கட்டில்காரர் மணி அடித்தார்.

"என்ன வேணும்?"

"காலை நீட்ட இடம் வேணும் மேடம். என் கட்டில்ல ரெண்டு சிஸ்டர் உக்காந்து மாத்திரை பிரிக்கறாங்க."

கட்டிலில் உட்காரத் தடை வந்தது. உடனே நர்ஸ்களுக்கு மூத்திரப் பைகள்மீது திடீர்ப் பாசம் பிறந்தது. பை கட்டிலோரம் தரையை ஒட்டித் தொங்குவது. அளவு பார்க்கக் குந்தத்தான் வேண்டும். வார்டில் ஒரு நர்ஸ்கூடக் கண்ணில் படவில்லை. கட்டில்களுக்கு அடியிலிருந்து பேச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

மறுபடி ஆறாம் கட்டில். "மேடம், எனக்கு அந்தப் பையே போடலை. கீழ ஒரு சிஸ்டர் ரொம்ப நேரமா அளவு பாக்கறாங்க."

குந்தவும் தடை.

அந்த நேரம் பார்த்துக் கைப்பையோடு ஓர் அம்மாள் வந்து, "முட்டி வலிக்குதுங்க, ஒரு ஸ்டூல் கிடைக்குமா?" என்றார். யாரோ நோயாளியின் உறவுக்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"பாக்க வந்தவங்க நின்னுதான் பாக்கணும்," என்றார் சூப்பிரண்டு.

அதன் பிறகுதான் விசித்திரம். ஒரு நர்ஸ் காணாமல் போவாள். முகம் மலர்ந்து திரும்புவாள். உடனே அடுத்தவள் காணாமல் போவாள்.

"எங்க போன?"

"எக்ஸ்-ரே பக்கம் மேடம்."

"அங்க மெஷின் ரிப்பேராச்சே?"

"ஆமா மேடம்," என்றாள் அவள், நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவோடு.

கையும் களவுமாகப் பிடிக்கச் சூப்பிரண்டு வராந்தாவுக்கு வந்தார். காலையிலிருந்து நின்றதில் பாதங்கள் வேறு யாருடையவையோ போலிருந்தன. மூலையில் ஒரு வீல்சேர். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வீல்சேர் நாற்காலி அல்ல, வாகனம் என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததுதான் தாமதம், அட்டெண்டர் எங்கிருந்தோ வந்து கழுத்துவரை போர்வையைப் போர்த்தித் தள்ள ஆரம்பித்தார்.

"எக்ஸ்-ரே தானே?"

'இல்லை' என்று சொன்னால், 'பின்னே ஏன் உட்கார்ந்தீர்கள்?' என்பார். "ம்," என்றார் சூப்பிரண்டு.

பூட்டிய எக்ஸ்-ரே அறை முன்னால் ஏற்கெனவே இரண்டு வீல்சேர்கள். ஒன்றில் வார்டின் சீனியர் சிஸ்டர். மேடத்தைக் கண்டதும் மரியாதையாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இன்னொன்றில் ஒரு போர்வை மெல்லக் குறட்டை விட்டது.

திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே சூப்பிரண்டு எழப்போனார்.

அட்டெண்டர் பதறிப்போய்த் தோளை அமுக்கினார். "எழுந்திரிக்காதீங்க மேடம், சத்தம் கேட்டு முழிச்சுக்கப் போறாங்க, காலையிலேருந்து உங்க வார்டுல உக்கார இடம் தேடித் தவிச்ச இன்ஸ்பெக்‌ஷன் அம்மா, பாவம், இப்பதான் கண்ணசந்தாங்க."