கயிற்றின் இந்தப் பக்கம்

"கயித்தக் கையில சுத்தாதீங்க மாப்பிள்ளை. அது ஓடினா விரலும் கூடவே ஓடும்," என்றார் லாடக்காரர்.

மாப்பிள்ளை அவசரமாகக் கயிற்றைப் பிரித்தான். கை நடுங்கியது. அதை மறைக்கக் குதிரையைத் தடவிக் கொடுப்பதுபோல் காற்றைத் தடவினான்.

குதிரையெல்லாம் பழக்கம் என்று கல்யாணத்துக்கு முன் சொல்லியிருந்தான். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு முறை பார்த்திருந்தான். அவன் சொன்னதை நம்பியோ என்னவோ, மாமியார் இன்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்.

குட்டிக்கு இரண்டு வயது. மேய்ச்சலிலேயே திரிந்து குளம்பு நீண்டு, ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. இன்று வெட்டாவிட்டால் வெடிப்பு மேலே ஏறும். குட்டி நொண்டும். யாரால் நொண்டியது என்று மாமியார் வீடு கேட்கும்.

"லாடம் அடிக்கணுமா?"

"புல்லுல நடக்கறதுக்கு எதுக்கு லாடம்? ஓரத்த வெட்டி அரம் போட்டாப் போதும். நின்னா."

"நிக்கலன்னா?"

லாடக்காரர் உதட்டை விலக்கிக் காட்டினார். முன்பற்கள் இரண்டும் புதியவை.

"இந்தக் குட்டியா?"

"சேச்சே. பல்ல ஒடச்சது வேற, ரொம்ப சாதுவான குதிரை."

மாப்பிள்ளை தன் முன்பற்களை நாக்கால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான். உறுதியாகப் பிடித்தால் அடங்கும் என்று கயிற்றை இறுக்கினான். குட்டி தலையை உதறி, லாடக்காரர் கையிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டது.

"இழுக்காதீங்க."

அதட்டினால் அடங்கும் என்று, "நில்லு," என்றான் தடித்த குரலில். குட்டி பின்வாங்கியது. அவனும் கூடவே போய்த் தண்ணீர்த் தொட்டியில் முழங்கால்வரை இறங்கினான்.

"குளிச்சாச்சா? வாங்க," என்றார் லாடக்காரர்.

கடைசியாகச் சட்டைப் பையிலிருந்த கேரட்டை நீட்டப் போனான். குட்டி காத்திருக்கவில்லை. கேரட்டைப் பையோடு எடுத்துக்கொண்டது.

அதற்குமேல் அவனிடம் யோசனை இல்லை. பயம் மட்டும் மிச்சமிருந்தது. கயிறு தொளதொளவென்று தொங்க, கண்ணை மூடி நின்றான். கீழே குறடு நறுக்கென்று கடித்தது. அரம் கரகரத்தது. கழுத்தில் சூடான மூச்சு பட்டது. கடிக்கப் போகிறது என்று தெரிந்தது. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. தோளில் கனமாக ஏதோ இறங்கியது. குட்டியின் தாடை. அவன் மூச்சு விடவில்லை.

"நாலு காலும் முடிஞ்சுது. கண்ணத் தொறங்க."

திறந்தான். வேலியோரம் மாமியார் நின்றிருந்தார். மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாத்தீங்களா அத்தை? ஆள் தைரியமா நின்னா எந்தக் குதிரையும் அடங்கும்."

"தைரியசாலிங்க நம்ம வீட்டுலயே நாலு பேர் இருக்காங்க மாப்பிள்ளை. இழுத்து இழுத்தே அத மிரட்டி வச்சிருக்காங்க," என்றார் மாமியார். "இழுக்காம நடுங்கிக்கிட்டே நிக்க ஒரு ஆள் வேணும்னுதானே, எங்க பூனையப் பாத்து நீங்க நாற்காலி மேல ஏறின அன்னிக்கே பொண்ணத் தரேன்னு சொன்னேன்."