காட்டிக்கொடுக்கும் திரை

மேலாளர் அறையை விட்டு எப்போது வெளியே வந்தாலும், கூடத்திலிருந்த இருபது பேரும் தலைநிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் அவருக்குப் புரியாத புதிர்.

"சும்மா உக்காந்திருக்கிறவனை ஒரு நாளாவது பிடிக்கணும்யா. இந்தத் துணிதான் காட்டிக்கொடுக்குது!" என்றார் கர்ட்டன்காரரிடம். அந்த அறைக்குச் சுவர் கிடையாது, திரைதான். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணு. மத்த ஒன்பது மாடி கர்ட்டன் வேலையும் உனக்குத்தான். இல்லேன்னா கழட்டிக்கிட்டுக் கிளம்பு."

கர்ட்டன்காரருக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மேலாளரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். அவர் எழுந்தால் துணியில் நிழலாக ஒரு யானையே எழுந்து நிற்கும். ஒளி புகாத உள்துணி வைத்துத் தைத்தார். கூடத்துக்கு வந்துகொண்டிருந்த வெளிச்சமும் அதோடு நின்றது.

மேலாளர் போனை வைத்தார், எழுந்தார், திரையை விலக்கினார். இருட்டுக் கூடத்தின் கடைசி மேசைவரை வெளிச்சம் பாய்ந்தது. இருபது பேரும் வேலையில்.

"டார்ச் அடிச்சுல்ல என்னை அனுப்புறே!"

அடுத்து, இடுக்கே விழாதபடி இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கீழ் ஓரத்தில் கனத்துக்காக இரும்புச் சங்கிலி தைத்தார். மறுநாள் மேலாளர் போனை வைத்துவிட்டு எழுந்தார். வழி தெரியவில்லை. பொட்டலமாகச் சுற்றிக்கொண்டு நின்றவரை, வேலையிலிருந்த இருபது பேரும் ஓடிவந்து பிரித்தெடுத்தார்கள்.

"மச்சான், அவருக்கு அளவெடுத்தே தெச்சிருக்கலாம்," என்றான் ஏணியைப் பிடித்திருந்த மைத்துனன்.

"வாயை மூடுடா. ஒன்பது மாடி!"

வெள்ளிக்கிழமை கடைசி வித்தை. மெல்லிய வலைத்துணி. வெளிச்சத்தில் நிற்பவனுக்கு இருட்டு தெரியாது, இருட்டில் நிற்பவனுக்கு வெளிச்சம் முழுக்கத் தெரியும். ஜன்னலை அடைத்து அறையை இருட்டாக்கினார். கூடத்துப் பக்கம் நான்கு விளக்குகளைத் துணிமேல் திருப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர்.

மேலாளர் போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்தார். செருப்பைக் கழற்றினார். பூனைபோல் நடந்துபோய்த் துணியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

இருபது பேரும் தலைநிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"கழட்டுய்யா எல்லாத்தையும்!"

கர்ட்டன்காரர் கண்கலங்க ஏணியில் ஏறினார். கூடம் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு கீழே வந்து நின்றாள்.

"கழட்டாதீங்கண்ணே. துணிமேல ஒரு குத்தமும் இல்லை. வர்றதுக்கு முன்னாடி கடைசி மேசைக்குப் போன் போட்டு, 'எல்லாரும் வேலை செய்றாங்களா, நான் வரேன்'னு சொல்றாரு பாருங்க, அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."