படகுக் கயிறும் பச்சைப் பாக்கெட்டும்

சின்சூ

மதிப்புக்குரிய மைத்துனர் சிங்-லுங்குக்கு,

உன் அத்தான் யுங்-ஃபூ எழுதுவது. இங்கே சின்சூவில் காற்று வழக்கம்போல் ஆளைத் தள்ளுகிறது. தைனானில் நீ மீன்கஞ்சியும் கையுமாகச் சுகமாயிருப்பாய்.

மாப்பிள்ளை, புத்தாண்டுக்கு வீடு ஒழிக்கும் உன் அக்கா, கம்ப்யூட்டரில் படம் வரையும் என் பழைய கிராபிக்ஸ் கார்டு மூன்றில் ஒன்றுதான் இருக்கலாம், மற்றவை குப்பை வண்டிக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எதுன்னு நீங்களே சொல்லுங்க. வண்டிப் பாட்டு கேக்கறதுக்குள்ள" என்று பையையும் எடுத்து வைத்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் ஆடிய துறைமுக விளையாட்டைப் போட்டு, மூன்றிலும் விளிம்பு மென்மையை உச்சத்தில் வைத்துப் பார்த்தேன். படகின் சாய்ந்த கயிறு திரையில் படிப்படியாகப் பல்லிளிக்குமே, அதை வழவழப்பாக்கும் வேலை அது. தொடங்கியதுமே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பார்த்தால், மெஷின் முரண்டு பிடிக்காமலிருக்க நம் ஊரில் எல்லோரும் வைப்பதுபோல் அதன் தலையில் வைத்திருந்த பச்சைச் சோளப்பொரிப் பாக்கெட்டுக்குத் தேதி முடிந்திருந்தது. அப்புறம் எந்த மெஷின் சொன்ன பேச்சு கேட்கும்? பெரிய பாக்கெட்டாக வாங்கித் திரையின் இடது மூலையில் சாய்த்து வைத்தேன். பிறகு முரண்டே இல்லை.

மூத்த கார்டு படத்தையே பெரிதாக வரைந்து சுருக்குகிறது. படகு தூக்கத்தில் நடப்பதுபோல் வருகிறது, ஆனால் கயிறு பட்டுநூல். நடுவது விளிம்பை மட்டும் தடவிவிட்டுப் படகின் மீன்வலையை விட்டுவிடுகிறது. இளையது முழுப்படத்தையும் கடைசியில் ஒரு தேய்ப்பு தேய்க்கிறது, விடிகாலைப் பனி மாதிரி. தேநீரோடு உட்கார்ந்தால், ஆவி என் மூக்குக் கண்ணாடியில் படிய, நான் அந்தப் படகிலேயே போய்க்கொண்டிருந்தேன். எதை அனுப்ப? மூன்றும் மூன்று கடல். எனக்காக உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லேன்.

உன் வீட்டில் அடுப்பும் மெஷினும் ஒழுங்காக எரியட்டும், ஓடட்டும்.

உன் அத்தான்,
யுங்-ஃபூ

பி.கு.: சற்றுமுன் உன் அக்கா தூசி தட்டப் பாக்கெட்டைத் தூக்கினாள். அடியில், திரையின் மூலையில், 'விளிம்பு மென்மை: இல்லை' என்றிருந்தது. கார்டில் வைத்தால் மட்டும் போதாதாம், விளையாட்டுக்குள்ளும் அதைப் போட வேண்டுமாம். மூன்று முறையும் நான் அங்கே போடவே இல்லை. பட்டுநூலைக் காட்டியது தேநீர் ஆவி. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தாள். கயிறு முழுக்கப் பல். அப்போது வண்டிப் பாட்டு தெருமுனையில் கேட்டது. நான் பையை எடுக்கப் போனேன்.

"வண்டி போகட்டும் விடுங்க. மூணையும் முதல்லேருந்து போடுங்க, நானும் பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.