மணப்பெண் மேடேற மாட்டேன் என்கிறாள்

அன்பையும் அதட்டலையும் ஒரே உறையில் போட்டு அனுப்பும் என் அக்கா எதெல்காவுக்கு,

தம்பி கோலோமன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், இரண்டு பன்றிகள், டிராக்டர் எல்லோரும் சுகம். டிராக்டருக்கு மட்டும் முன்விளக்கு ஒன்று இல்லை, அந்தக் கதை கீழே வருகிறது. கிராட்ஸில் உன் முழங்கால் வலியும் எர்வின் அத்தானும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது.

நிற்க. "ஐம்பத்தேழு வயசாச்சு, எப்படா கல்யாணம் பண்ணிக்கப் போற?" என்று முப்பது வருஷமாகக் கேட்கிறாய். பதில் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம். பெண் அசலூர்க்காரி இல்லை, நம் காட்டுப் பெண்தான். பதினெட்டு மீட்டர் உயரம், நிமிர்ந்த உடம்பு, அப்பா கடைசிவரை வெட்ட விடாத அந்தப் பள்ளத்துப் பைன் மரம். உனக்கு விளக்க வேண்டாம், அத்தான் ஆஸ்திரியாக்காரர், அவருக்குப் படித்துச் சொல்: ஈஸ்டருக்கு முன்வரும் பெரிய நோன்பு தொடங்குமுன் ஊரில் ஒரு கல்யாணமாவது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் ஊருக்கே தலைகுனிவு, அதைத் தீர்க்கக் கல்யாணமாகாத ஒருவருக்குப் பைன் மரத்தைக் கட்டிவைத்து, மரத்தை ஊர்கூடி இழுத்துவந்து கூத்தடித்துச் சாப்பிடுவோம். இந்த வருஷம் ஒரு கல்யாணமும் இல்லை. தீயணைப்புப் படைத் தலைவர் லுட்விக் என் அடுக்களையில் உட்கார்ந்து என் பிளம் சாராயத்தையே குடித்துவிட்டு, "இந்த ஊர்ல மிச்சமிருக்கிற பிரம்மச்சாரி நீ ஒருத்தன்தான் கோலோமன், மாட்டேன்னு சொல்லிடாதப்பா" என்றார். நானும் சரி என்றேன். இனிமேல் நீ அந்தக் கேள்வியைக் கேட்க முடியாதே, அந்த ஒரு சந்தோஷம் போதாதா எனக்கு.

அந்தக் காலத்தில் நாற்பது ஜோடி சேர்ந்து கயிறு பிடித்து இழுத்த மரம். இப்போது இளசுகள் எல்லாம் உன்னைப்போல் ஆஸ்திரியாவில், இருக்கிறவர்களுக்கு முட்டிவலி. "பள்ளத்துலேருந்து யாரு ஏத்துறது?" என்று லுட்விக் தலையில் கைவைத்தார். சும்மா இருந்த வாயைத் திறந்து, "என் சின்ன டிராக்டரும் கம்பிக்கயிறு சுத்துற வின்சும் எதுக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஆக, கல்யாண ஞாயிறுக்குள் மரம் மேட்டுச் சாலைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் கல்யாணமும் இல்லை, ஊருக்கு மானமும் இல்லை. லுட்விக் வேறு பாதிரியார் வேஷத்துக்கு அங்கி தைத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மரத்தை வெட்டிச் சாய்த்தேன், அது ஒழுங்காகத்தான் விழுந்தது. டிராக்டரை மேட்டில் நிறுத்தி, பின்னால் இருக்கிற வின்சிலிருந்து கம்பிக்கயிற்றை உருவிக்கொண்டு அறுபது மீட்டர் சறுக்கிச் சறுக்கி இறங்கி, அடிமரத்தில் சங்கிலிச் சுருக்கு மாட்டி, மறுபடி மூச்சு வாங்க ஏறிவந்து வின்சைச் சுற்ற வைக்கும் இழுவை நாடாவைப் பிடித்து இழுத்தால் மரம் அசையவில்லை, டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நின்றன. அப்போது பார்த்து வேலிக்கு அந்தப்பக்கம் அராங்கா. ஞாபகம் இருக்கிறதா, பக்கத்து வீட்டு அராங்கா, புருஷன் தவறிப்போய்ப் பத்து வருஷம் ஆகிறது, அவனோடு இருபது வருஷம் மரம் இழுத்தவள், உலகத்தில் எல்லா வேலையும் அவளுக்குத் தெரியும். "மாப்பிள்ளை, வின்சோட அடித்தட்டை மண்ணுல இறக்கணும். அது கொடியில துணி காயப்போட்ட மாதிரி மேலேயே நிக்குது" என்றாள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்று சொன்னேன். அவள் உள்ளே போனதும் இறக்கினேன்.

செவ்வாய்க்கிழமை தட்டு மண்ணைக் கவ்வியதும் மரம் கிளம்பியது. இருபது மீட்டர் சாதுவாக வந்து ஒரு பழைய கட்டையில் போய் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. நான் திட்டினேன், டிராக்டர் முனகியது, அராங்கா வந்தாள். "மூக்கைச் சீவு. முனையைக் கூராக்கினாத்தான் தடுக்கினா மேலே ஏறி வழுக்கும்." கல்யாணப் பெண்ணின் மூக்கை யாராவது அறுப்பார்களா என்று கேட்டேன், அவள் வேலியைத் தாண்டி வந்து, கோடரியை வாங்கி, பத்தே நிமிஷத்தில் சீவிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மணமகன் மரத்தைப் பார்த்து ஒரு உறுதிமொழி வாசிக்க வேண்டும், ஊர் சிரிக்கிற மாதிரி எழுது என்று லுட்விக் சொல்லியிருந்தார். அந்த ஆத்திரத்தோடே உட்கார்ந்து எழுதினேன்: "பைன் மரமே, உன்னைப்போல் பேசாத பெண் இந்த மலையிலேயே கிடையாது. நீ வேலியில் சாய்ந்துகொண்டு குறை சொல்ல மாட்டாய். தட்டை இறக்கு, மூக்கைச் சீவு என்று ஏவ மாட்டாய். ஆகவே உன்னைக் கட்டிக்கொள்கிறேன்." எழுதியபோது ரொம்ப நன்றாகத்தான் இருந்தது. மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

புதன்கிழமை பனி உருகிச் சேறு. நாடாவை இழுத்தேன். மரம் டிராக்டரிடம் வருவதற்குப் பதிலாக டிராக்டர் மரத்திடம் போகத் தொடங்கியது. நான் ஒருபக்கம் குதித்தேன், நல்லவேளையாக நாடாவையும் விட்டுவிட்டேன், வின்ச் நின்றது, டிராக்டர் ஐந்து மீட்டர் வழுக்கிவிட்டு அதுவாக நின்றது. அராங்கா ஓடிவந்து முதலில் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், அப்புறம்தான் திட்டினாள். டிராக்டரை மறுபடி மேலே ஏற்றி, அதன் முன்பக்கத்தைத் தன் வாதுமை மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினாள். முன்விளக்கு போனது அந்தச் சங்கிலியில்தான். "நாடாவை நான் பாத்துக்கறேன். நீ கீழே தள்ளி நின்னு சைகை காட்டு. கையை மேலே தூக்கினா இழுக்கறேன், கீழே போட்டா நிறுத்தறேன். கயிறு போற பாதையில நிக்காத, உனக்கு அழறதுக்கு என்கிட்ட நேரம் இல்ல" என்றாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முப்பது மீட்டர் ஏறியபின் சற்று நிறுத்தச் சொல்லி, வெயிலுக்குக் கோட்டைக் கழற்றி மரத்தின் கிளைக்குச்சியில் மாட்டினேன். தலை அரித்தது. சொறியக் கையைத் தூக்கினேன். அவள் இழுத்தாள். மரம் கிளம்ப, குச்சி முறிய, கோட்டு சேற்றில் உருள, பையிலிருந்த காகிதம் காற்றில் பறந்து மேடேறி நேராக அவள் காலடியில் போய் விழுந்தது. நான் முட்டிபோட்டு ஏறி வருவதற்குள் படித்து முடித்துவிட்டாள். பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தாள். "பேசாதவதான் வேணும்னா உனக்கு இவதான் சரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதோடு சரி. வியாழன், வெள்ளி, இன்று சனி, வேலிப்பக்கம் ஒரு சத்தம் இல்லை. மரம் மேட்டுக்குப் பத்து மீட்டர் கீழே கிடக்கிறது. தட்டை இறக்கிப் பார்த்தேன், மூக்கைச் சீவிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நாடாவைப் பிடித்துக்கொண்டு வேலியைத் திரும்பிப் பார்க்கிறேன், யாரும் திட்டவில்லை, எனக்குக் கை ஓடவில்லை அக்கா. பூசணி விதை எண்ணெய் ஊற்றிய உருளைக்கிழங்கு உனக்கே தெரியும் எனக்கு உயிர், அதுகூட இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு மனுஷி பேசாமல் இருந்தால் நம் வீடு இவ்வளவு அமைதியாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. அதற்காக நான் கவலைப்படுவதாக நினைக்காதே. எனக்கு ஒரு கவலையும் இல்லை. மரம் எப்படியும் ஏறிவிடும், பைன் கல்யாணம் நிச்சயம், நீயும் அத்தானும் அடுத்த வார ஞாயிறு காலையிலேயே வந்துவிடுங்கள். என் திருமண விஷயம் இத்தோடு முடிந்தது, இனி யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உன் முழங்காலுக்கும் அத்தானின் முன்கோபத்துக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும். பன்றிகளும் விசாரித்தன.

இப்படிக்கு,
மரத்துக்கு மாப்பிள்ளையாகப் போகும் உன் தம்பி,
கோலோமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மறுநாள் ஞாயிறு மதியம் ஆகிவிட்டது. பைன் கல்யாணம் ரத்து. காலையில் அராங்கா வீட்டுக் கதவைத் தட்டி, மரம் நின்றுவிட்டது என்றேன். "உன் பெண்டாட்டியையே கேளு" என்றாள். "கேட்டேன். வாயே திறக்க மாட்டேங்கறா. எனக்கு அது ஒத்துவராது அராங்கா. யாராவது குறை சொன்னாத்தான் எனக்கு வேலை ஓடுது" என்றேன். ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்தாள். ஒரு கப்பியை வாதுமை மரத்தில் கட்டிக் கயிற்றை அதன் வழியாகத் திருப்பினாள், கால் மணி நேரத்தில் மரம் மேட்டில். அப்புறம் அவள் மேலேயே நின்று, "ஊர்ல நிஜக் கல்யாணம் நடந்தா மரக் கல்யாணம் கிடையாது, தெரியுமில்ல. வெள்ளிக்கிழமை பதிவு ஆபீஸ் திறந்திருக்கும். என்ன சொல்ற?" என்று கீழே சைகைக்கு நின்ற என்னைப் பார்த்துக் கேட்டாள். லுட்விக் இப்போது என்னைத் துரோகி என்கிறார், அங்கியை என்ன செய்வது என்று கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டார். மரத்தை அறுத்துச் சாப்பாட்டு மேசை செய்யப் போகிறாளாம், அளவு நான் எடுத்தது தப்பாம். நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு. அவள் கேட்டதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா, பள்ளத்தில் நின்றபடி கையை மேலே தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தடவை தலை அரிக்கவில்லை.