பல் டாக்டர் வீட்டுக் கட்டிலடியில் ஒரு பூனை

தேறவிடாதவர் என்று ஓர் இனம் உண்டு. கெட்டவர்கள் அல்லர். கெட்டவர்களாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நாம் பிழைத்துவிடலாம். இவர்கள் கையில் பழத்தோடு வருகிறவர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரவெல்லாம் புரண்டு, விடிந்து, இப்போதுதான் கண்ணயர்ந்த மனிதரின் தோளைத் தட்டி, "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பவர் இந்த இனம். புதுப் பள்ளிக்கூடத்திலிருந்து வாடிப்போய் வரும் குழந்தை செருப்பைக் கழற்றுவதற்குள், "எத்தனை ஃபிரெண்ட்ஸ் கிடைச்சாங்க?" என்று கணக்குக் கேட்பவரும், நட்ட செடி வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடுபவரும் இவரே. இவர்களிடம் அன்பு குறைவு என்று யாரும் புகார் கொடுத்ததில்லை. அந்த அன்பை வாங்கிக்கொண்டவர்களைத்தான் காணோம்.

இந்த இனத்தின் முழு அழகையும் பார்க்க வேண்டுமானால், பிராணிகள் காப்பகத்திலிருந்து ஒரு பூனை இவர் வீட்டுக்கு வர வேண்டும். மனிதர்களாவது மரியாதைக்குச் சிரித்துவைப்பார்கள். பூனைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கைராசிக்காரர். ஆனால் தொழில் அவருக்கு ஒரு தப்பான நம்பிக்கையைக் கொடுத்திருந்தது. அவரிடம் வருகிற எல்லாரும் சாய்ந்த நாற்காலியில், வாயைப் பிளந்துகொண்டு, நாக்கின்மேல் பஞ்சோடு கிடப்பார்கள். "வலிக்குதா? வலிக்காது. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சௌக்கியமாத்தான் இருப்பாங்க" என்று கேள்வியையும் பதிலையும் அவரே பார்த்துக்கொள்வார். எதிரில் இருப்பவர் எழுந்து ஓடவில்லை என்றால் தன் பேச்சில் மயங்கிவிட்டார் என்று பொருள். இப்படியே காலம் ஓடிவிட்டது.

அவருடைய ஒரே மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போனாள். வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. டாக்டர் தினமும் அவளுக்குப் போன் போடுவார். "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? அவ்வளவுதானா? ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?" ஏனோ தெரியவில்லை, மகள் இருந்த ஊரில் அந்த நேரம் பார்த்துத்தான் சிக்னல் போகும்.

அவர் மனைவி நூலகர். யாராவது தானாக வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பது, கேட்காவிட்டால் அவர்களையும் அலமாரியையும் தனியே விட்டுவிடுவது என்று பழகியவர். "ஏங்க, வீட்ல ஒரு பூனை இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று ஒருநாள் அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், மறுநாளே டாக்டர் காப்பகத்தில் நின்றார்.

காப்பகத்து அம்மா கை நிறைய நகக்கீறல்களும் நேரடிப் பேச்சும் உள்ளவர். காது கிழிந்த ஒரு சாம்பல் நிறப் பெண்பூனையைக் கூடையில் வைத்து மூடிவிட்டு, டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டர், இவ ஒரு வீட்ல வளர்ந்தவ. அவங்க இவளை விட்டுட்டு ஊர் மாறிப் போயிட்டாங்க. இங்க வந்து பழகறதுக்கே பாவம், ரொம்ப நாளாச்சு. இப்ப மறுபடியும் இடம் மாறுது. சின்ன ரூம் ஒண்ணுல விடுங்க. சாப்பாடு, தண்ணி வைங்க, அவ வெளிக்குப் போற மண் தட்டைச் சுத்தம் பண்ணுங்க, கதவைச் சாத்திட்டு வந்துடுங்க. தூக்காதீங்க. குனிஞ்சு பார்க்காதீங்க. ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டாதீங்க. அவளே வருவா."

"கண்டிப்பா, கண்டிப்பா."

"இது அவ படுத்திருந்த துண்டு. நாறும். அப்படியே போடுங்க, துவைச்சிடாதீங்க."

"சேச்சே, துவைப்பேனா?"

டாக்டர் பலமாகத் தலையாட்டினார். 'ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடியும் பல் தேய்க்கணும்' என்று அவர் சொல்லும்போது அவருடைய நோயாளிகள் எப்படித் தலையாட்டுவார்களோ, அச்சு அசலாக அப்படி.

மகளின் அறையில் கூடையைத் திறந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தரையோடு தரையாக ஓடியது. கட்டிலுக்கடியில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால், சுவர் மூலையில் போய் நின்றது. அவ்வளவுதான் பூனை. நூலகர் தண்ணீரும் தீனியும் வைத்துவிட்டு வெளியே வந்தார். டாக்டர் வரவில்லை. கிளினிக்கில் நெற்றியில் மாட்டிக்கொள்ளும் விளக்கைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சூட்கேஸுக்குப் பக்கவாட்டில் நீட்டினார். கண்ணாடியில் இரண்டு பச்சைக் கண்கள் தெரிந்தன.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பா பார்க்கிறேன். கொஞ்சம் இப்படித் திரும்பு."

அது 'ஹ்ஹா' என்று சீறியது.

"பல்லெல்லாம் நல்லா இருக்கு!" என்று டாக்டர் கூடத்தைப் பார்த்துக் கத்தினார்.

சாயந்தரம் அவருடைய அக்கா வந்தார். தம்பிக்குத் துளியும் சளைக்காத அதே இனம். பூனைக்குத் துணியில் தைத்த எலி, மணி கட்டிய கழுத்துப்பட்டை, மெத்தை என்று வாங்கி வந்திருந்தார். இருவருமாகக் கட்டிலின் இரண்டு பக்கமும் மண்டியிட்டார்கள்.

"யார் வந்திருக்கான்னு பாரு! அத்தைடி! அத்தையைத் தெரியுதா?"

"அண்ணி, அது உங்களை இப்பதான் முதல்முதலாப் பார்க்குது" என்றார் நூலகர், வாசற்படியில் நின்றபடி.

"பழகினாத்தானே தெரியும்? நீ எப்பவுமே இப்படித்தான், யார்கிட்டயும் ஒட்ட மாட்டே. டேய் தம்பி, சூட்கேஸை இழுடா."

சூட்கேஸை இழுத்தார்கள். பூனை மூலையிலிருந்து பாய்ந்து, அக்காவின் முதுகில் ஏறி, அங்கிருந்து துணி அலமாரியின் உச்சிக்குப் போய், அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் இறங்கிவிட்டது. கையை விட்டாலும் எட்டாத இடுக்கு. அக்கா முதுகைத் தடவிக்கொண்டே, "எவ்வளவு பாசமா என்மேல ஏறுச்சு பாத்தியா?" என்றார்.

அவர் போன பிறகு டாக்டரின் மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. கையைக் கழுவுவதற்கு முன்னால் குழாயைக் கழுவுகிற மனிதர் அவர். அறையில் அந்தத் துண்டு கிடந்தது. நாறியது. துவைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சரி, டாக்டர் துவைக்கவில்லை. கிளினிக்குக் கொண்டுபோய், குறடுகளையும் ஊசிகளையும் நீராவியில் அவிக்கும் ஸ்டெரிலைசரில் போட்டு எடுத்தார். அறுவை சிகிச்சைக்கே பயன்படுத்தலாம், அப்படி ஒரு சுத்தம். மடித்து, இடுக்கின் வாயிலில் வைத்துவிட்டு, குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுப் பார்த்த நிறைவோடு தூங்கப் போனார்.

பூனை சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. டாக்டர் தீனியை மாற்றினார், கிண்ணத்தை மாற்றினார், இடத்தை மாற்றினார், மாற்றியதையெல்லாம் பிடித்திருக்கிறதா என்று அரைமணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் இடுக்குக்குள் ஏதோ இன்னும் ஆழமாக நகரும் சத்தம் கேட்டது. கூடத்தில் அவர் குட்டி போட்ட பூனையாக அலைந்துகொண்டிருந்தார். உண்மையான பூனை அசையாமல் இருந்தது.

நூலகர்தான் காப்பகத்துக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் கறாராக வந்தது.

"பட்டினி தொடர்ந்தா பூனைக்கு ஈரல் கெட்டுடும்மா. விளையாட்டு இல்ல. நாளைச் சாயந்தரம் வர்றேன். அதுக்குள்ள அவ வாய்ல ஏதாவது போகலைன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். கோவிச்சுக்காதீங்க. ஆமா, அந்தத் துண்டு மேலயாவது படுக்கிறாளா?"

நூலகர் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"என்னங்க இது, கிளினிக் வாசனை அடிக்குது?"

"துவைக்கல! ஸ்டெரிலைஸ்தான் பண்ணினேன்."

ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் தணிந்து வந்தது.

"டாக்டர், தெரியாத வீட்ல, தெரிஞ்ச வாசனைன்னு அவளுக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குவா. சரி, போனது போகட்டும். உங்க துணி ஒண்ணு, போட்டுக் கழட்டினது, துவைக்காதது, அவ பக்கத்துல போட்டுட்டு வெளிய வந்துடுங்க. வாசனையோடயாவது முதல்ல பழகட்டும். ஆள் அப்புறம்."

துவைக்காத துணியா? அந்த வீட்டிலா? அழுக்குக் கூடையிலேயே சோப்பு வாசனை அடிக்கும். டாக்டர் அலமாரி அலமாரியாகத் தேடிவிட்டு நடுக்கூடத்தில் நின்றார். கண் கலங்கியிருந்தது. "அது போயிடுமா? மறுபடியும் அந்தக் கூண்டுக்கா?" என்றார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைத் தானே சொல்லாமல் அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

"துணி இல்லன்னா உண்டாக்குங்க" என்றார் நூலகர்.

உண்டாக்கினார். ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் மேலும் கீழும் ஏறி இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு எதிரே வந்து, "லிஃப்ட் ரிப்பேரா டாக்டர்?" என்று கேட்டார்.

"இல்ல, பூனைக்காக."

எதிர்வீட்டுக்காரர் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார். இரவு குளிக்காமல் அதே பனியனோடு படுத்தார் டாக்டர். நூலகர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போய்விட்டார். காலையில் டாக்டர் அந்தப் பனியனை இரண்டு விரலால் கழற்றி, அலமாரி இடுக்கின் வாயிலில் போட்டு, கிண்ணத்தில் தீனியை நிரப்பி, கதவைச் சாத்தினார். நூலகர் கதவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, புத்தகத்தோடு உட்கார்ந்தார். காவல் பூனைக்கு இல்லை.

போன் அடித்தது. அக்கா. "டேய், ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா. கதவை லேசாத் திறந்தாப் போதும்."

டாக்டர் வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவிடம், "சிக்னல் சரியில்லக்கா" என்றார்.

மதியம் தாண்டியபோது உள்ளே 'கறுக்' என்று ஒரு சத்தம். பிறகு நீண்ட அமைதி. மறுபடி 'கறுக், கறுக்'. பற்களின் சத்தத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? டாக்டர் எழுந்தார். வாயெல்லாம் பல்லாக, நுனிக்காலில் நடந்துபோய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு விரல்கடை திறந்தால் போதும். சாப்பிடுவதைப் பார்த்து, "சமத்து" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

"கையை எடுங்க" என்றார் நூலகர், பக்கத்தைப் புரட்டியபடி.

டாக்டரின் கை கைப்பிடியிலேயே இருந்தது. 'கறுக்' நின்றுவிட்டது. உள்ளே ஒருத்தி காதைத் தூக்கி, இந்தப் பக்கம் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கே புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக எடுத்தார். அப்படியே பின்னோக்கி நகர்ந்து, தரையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துக் 'கறுக்' தொடர்ந்தது.

சாயந்தரம் காப்பகத்து அம்மா வந்தார். கதவை நூலளவு திறந்து பார்த்தார். கிண்ணம் காலி. மண் தட்டில் வேலை நடந்திருந்தது. அதைக் கேட்டு ஒரு படித்த மனிதர் துள்ளிக் குதித்ததை அன்று அந்த வீட்டில் பார்த்திருக்கலாம். பூனை இடுக்குக்கு வெளியே, பனியனின் அக்குள் பக்கத்தில் மூக்கைப் புதைத்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. காலிக் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது திரும்பி, "டாக்டர், அந்தப் பனியனை மறந்துபோய்க்கூட எதுலயும் அவிச்சிடாதீங்க" என்றார்.

டாக்டர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

அன்று இரவு மகளே கூப்பிட்டாள். "என்னப்பா, போனையே காணோம்?" பூனைக் கவலையில் அவர் மறந்திருந்தார். "சும்மாதான்மா" என்று சொல்லிவிட்டு, மதியம் வந்த பழக்கம் விடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மகள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அறைத்தோழியின் குறட்டையைப் பற்றிச் சொன்னாள். பாடம் ஒன்று புரியவே இல்லை என்று சொன்னாள். வந்த புதிதில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததைச் சொன்னாள். "அப்புறம் அப்பா..." என்று இழுத்தாள். இன்னும் ஏதோ ஒன்று, வெளியே வரலாமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நூலகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, உதட்டின்மேல் விரலை வைத்தார். டாக்டருக்கு நாக்கு துறுதுறுத்தது.

"அதெல்லாம் இருக்கட்டும், சாப்பிட்டியா?"

"அப்பா, இங்க சிக்னல் சரியில்லப்பா."

நூலகர் பக்கத்தைப் புரட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் சாத்திய கதவு ஒன்று இருக்குமே? அதற்குப் பின்னால் யார், பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையா, வந்து வாரம் ஆகாத மருமகளா, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நிம்மதியாகக் கண் மூட நினைக்கும் மாமனாரா? தட்டை வைத்தீர்கள், தண்ணீர் வைத்தீர்கள், கதவைச் சாத்திவிட்டும் வந்துவிட்டீர்கள். ரொம்ப நல்லவர் நீங்கள். இந்தப் பல் டாக்டர் இனத்துக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும், இடது கையில் இந்தப் புத்தகம் இருக்கிறது. வலது கை எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள்.