யூரியா பழக்கம் உண்டா, தம்பி?

ஆங் மோ கியோ வட்டாரத்தில் மனிதர்களை விட்டுவிட்டு மண்ணிடம் நலம் விசாரித்த ஒரே ஆத்மா எங்கள் மண்ணுக் காக்காதான். காக்கா என்றால் அவர் ஊர்ப் பேச்சில் அண்ணன். ஜாலான் புசார் தெருவில் ஆணி, பூட்டு விற்கும் கடை அவருக்கு. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் குலுக்கலில் விழுந்த ஒரு பாத்தியும் உண்டு. கடை பொழுதுபோக்கு, பாத்திதான் உத்தியோகம்.

கடை அடைத்ததும் லிட்டில் இந்தியாவில் டீத்தூள் சக்கையும் வாடிய சாமந்தியும் பை நிறைய வாங்கிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறுவார். உரத்துக்காம். ஒருநாள் அதே பெட்டியில் நான் மாட்டிக்கொண்டேன். அவரைச் சுற்றி எல்லா இருக்கையும் காலி.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க லா தம்பி! இன்னைக்கு என்னமோ கூட்டமே இல்ல."

மற்றவர்கள் பாத்தியைத் துடைத்து வைத்திருப்பார்கள். இவர் பாத்தி முழுக்கக் காய்ந்த சருகு. உதவி செய்வதாக நினைத்து ஒரு பிடி சருகை அள்ளினேன். மனுஷன் பதறிவிட்டார்.

"அதோட சட்டையக் கழட்டுறீங்களே! இந்த வெயில்ல மண்ணு காயாதா?"

பாசிப்பயறு விதைத்தார். தளதளவென்று வந்தது. பூக்கும் நேரத்தில் மொத்தத்தையும் வெட்டி அங்கேயே பரப்பி மூடினார்.

"ஐயோ காக்கா, காய்க்கிறதுக்குள்ள வெட்டிட்டீங்களே!"

"நீங்க மட்டும் மூணு வேளை சாப்பிடணும், மண்ணு பட்டினி கெடக்கணுமா?"

மண்வெட்டி இறங்காத களிமண் அப்படித்தான் பொலபொலவென்று ஆனது. அந்த நேரம் பார்த்துக் குத்தகை முடிந்தது. ஒருவருக்கே மறுபடி தருவதில்லை என்பது எங்கள் தோட்டத்து விதி. மீண்டும் குலுக்கல். காக்கா, பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகும் தகப்பனாக உருக ஆரம்பித்தார்.

"யாரு கையில போய் மாட்டுமோ தம்பி! வந்த வேகத்துல யூரியாவ அள்ளிக் கொட்டுனா என் புழுவெல்லாம் என்னாகும்?"

எனக்கு வெண்டைச் செடிக்கும் கத்தரிச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். என் நேரம், பாத்தி எனக்கே விழுந்துவிட்டது.

அன்று மாலையே காக்கா வீட்டுக்கு வந்தார். சிரிப்பில்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, சம்பந்தம் பேச வந்தவராக ஆரம்பித்தார்.

"யூரியா போடுற பழக்கம் உண்டா?"

"இல்லீங்க காக்கா."

"பூச்சிமருந்து? எப்பவாச்சும், நல்ல நாள் பெரிய நாள்ல?"

"தொட்டதே இல்ல."

"சும்மாச் சும்மா மண்ணக் கொத்திப் பொரட்டுவீங்களா?"

"எனக்கு மண்வெட்டியே பிடிக்கத் தெரியாது!"

"அப்புறம் எந்தத் தைரியத்துல லா கேட்டீங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்காகத்தான் காக்கா கேட்டேன்! நீங்க இப்படி இடிஞ்சு போய்க் கெடக்கிறதப் பார்க்க முடியல. பேரு என்னுது, பாத்தி உங்களுது. போதுமா?"

காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சரி. நாளைக்கு வெள்ளனமே கீழ வாங்க. மண்ணு உங்களப் பாக்கணும்" என்றார்.

இப்போது தினமும் விடியற்காலையில் போன் செய்து, தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன் என்று திட்டுகிறார். போன் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், அவருக்கு என்னமோ ஏதோ என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன்.