நாற்பத்தேழு கட்டைவிரல்கள்

மூன்று நாளாக அப்பாவிடமிருந்து கட்டைவிரல் வரவில்லை. குரோம்பேட்டை ஆபீசில் உட்கார்ந்திருந்த பென்னி போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான்.

"அப்பா சாப்பிட்டாரான்னு தினம் கேளுடா" என்று அம்மா சாகும்போது சத்தியம் வாங்கியிருந்தாள். பெரிய துரை பென்னி தானே கேட்டாரா? கம்ப்யூட்டரைக் கேட்கவைத்தார்! ஆபீஸ் புரோகிராமைக் கட்டித் தயாராக்கும் 'பில்ட்' ஆபீஸ் நாட்களில் தினமும் காலையில் ஓடும். அதற்குள் ஒரு குட்டி வேலையைச் செருகிவிட்டான். "சாப்பிட்டீங்களா அப்பா?" என்று அப்பா ஏசுபாதத்தின் போனுக்குப் போய்விடும். பதிலாகக் கட்டைவிரல் படம் வரும்.

துருவிப் பார்த்தால், கேள்வியே போகவில்லை. மூன்று நாளாகப் புரோகிராமில் யாரும் கைவைக்கவில்லை. எதுவும் மாறாததால் பில்ட் எல்லாவற்றையும் தாண்டிப் போயிருந்தது, அப்பாவையும் சேர்த்து.

பென்னி ஒரு வரியில் வெறும் ஸ்பேஸ் தட்டி, மாற்றம் காட்டினான். டீம் லீட் சுபத்ரா பிடித்துவிட்டாள்.

"ஸ்பேஸ் போட்டு வேலை காட்டுறியா பென்னி?"

சரி, புரோகிராம் மாறினாலும் மாறாவிட்டாலும் அந்தக் குட்டி வேலை ஓடியே தீரவேண்டும் என்று எழுதிவைத்தான். டீமில் ஏழு பேர். மறுநாள் யார் பில்ட் தட்டினாலும் கேள்வி போயிற்று. சாயங்காலத்துக்குள் நாற்பத்தேழு.

"பில்ட் முடிஞ்சா 'அப்பாகிட்ட கேட்டாச்சு'ன்னு வருது. யார் அப்பா?" என்று கத்தினாள் சுபத்ரா.

பென்னி போனைப் பார்த்தான். நாற்பத்தேழு கட்டைவிரல்கள்! ஒன்றுகூட விடவில்லை மனுஷன். இவரைப் போய் மெஷினிடம் விட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது. நேரில் பார்த்து நாலு மாதம். முடிச்சூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே அப்பா இருக்கும் பீர்க்கன்கரணைக்குப் பைக்கை விட்டான்.

வீட்டுவேலை செய்யும் முனியம்மா கதவைத் திறந்தாள். இடுப்பில் அப்பாவின் போன்.

"இன்னா தம்பி, இன்னிக்கு ஒரே பேஜாரு! பாத்திரம் தேய்க்க வுட்டியா? தட்டித் தட்டி விரலே நோவுது."

"நீங்களாக்கா பதில் போட்டீங்க?"

"பின்ன? 'ஆபீஸ் லீவுன்னா கேள்வி வர்லியே, மெஷின்தான் கேக்குது, நீயே தட்டிவுடு'ன்னு போனைக் குடுத்துட்டாரு."

பென்னிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அப்பாவுக்கு என்மேல கோவமாக்கா?"

"கோவமா? தெனம் இந்நேரத்துக்கு முடிச்சூருக்கு நடந்துபோய், உன் வூட்டாண்ட வண்டி நிக்குதான்னு தெருமுனைலருந்து பாத்துட்டுத்தான் வந்து சாப்புடுவாரு. இன்னிக்கு உன் வண்டி இங்க கீது தம்பி, அவரு இன்னும் அங்கியேதான் நின்னுகினு இருப்பாரு."